ஓரகத்தியின் பத்து விரல்

என் ஓரகத்தியின் பத்து விரல்களையும் ஐந்து நாள் அடைகாத்துப் பார்ப்பது என் வேலையாக அமைந்தது. எந்த வீட்டு மூத்த மருமகளுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்திருக்காது. அமைந்தாலும் அதற்குச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மருந்து ஆலையில் வேலை பார்க்கிறோம். உயிருள்ள செல்களைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து, ஊசி மருந்தாகக் குப்பியில் அடைக்கும் ஆலை. குப்பி அடைக்கும் அறைக்குள் போக வேண்டுமானால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்ட வேண்டும். ஒரு மயிரிழை வெளியே தெரியக் கூடாது. ஒழுங்காக மாட்டினீர்களா என்பதற்குப் பரீட்சை உண்டு. மாட்டி முடித்த கையோடு, கையுறை போட்ட விரல்களை அகார் என்ற கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் அழுத்த வேண்டும். இடது கைக்கு ஒரு தட்டு, வலது கைக்கு ஒரு தட்டு. தட்டுகளை வெதுவெதுப்பான பெட்டியில் ஐந்து நாள் வைத்தால், விரலில் ஒரே ஒரு கிருமி ஒட்டியிருந்தாலும் அது பெருகிப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு புள்ளி வந்தாலும் தோல்வி. அடுத்தடுத்து மூன்று முறை புள்ளியில்லாமல் வந்தால்தான் உள்ளே போக உரிமம்.

அந்தப் புள்ளிகளை எண்ணுகிறவள் நான்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் கூப்பிட்ட பெயர்கள். மாடியில் நாங்கள், கீழே அவர்கள், நடுவில் பொதுவாக ஒரு படிக்கட்டும் ஒரு மாமியாரும்.

நான் வந்த வழி நீளம். இளங்கலை, முதுகலை, அதற்குமேல் ஆறு வருடம் ஒரு பாக்டீரியாவின் ஒரே ஒரு நொதியோடு குடித்தனம். முனைவர் பட்டம் வாங்கிய அன்று, அந்த நொதியைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர்கள் உலகத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேரிடமும் எழுதிக் கேட்டேன். யாருக்கும் ஆள் தேவைப்படவில்லை. அப்புறம் இரண்டு வருடம் வேறொரு ஆய்வுக்கூடத்தில் தற்காலிகம். முப்பத்து நாலு வயதில் இந்த ஆலையின் தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் புள்ளி எண்ண உட்கார்ந்தேன். உயர்ந்த சரக்கை வாங்கி வைத்துவிட்டுக் கேட்பாரில்லாமல் வேறு கடையில் கணக்குப் பிள்ளையாகப் போனவர்களை, கடைத்தெருவில் வளர்ந்த நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஆவேன் என்று மட்டும் நினைத்ததில்லை.

சின்னவள் ஒரு பட்டம் முடித்தாள், கல்யாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒரு விண்ணப்பத்தாளோடு மாடியேறி வந்தாள்.

"அக்கா, பத்து மாசப் படிப்பாம். மருந்து ஆலை உற்பத்திக்குப் பயிற்சி. சாயங்காலம்தான் வகுப்பு. சேரட்டுமா?"

"சேரேன், பொழுது போகும்" என்றேன். விலை கேட்டுவிட்டுப் போகிற ஆள் என்றுதான் நினைத்தேன். அவள் கட்டோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆலையில் முதல் வருடம் அவளுக்குப் பாத்திரம் கழுவும் அறை. "வீட்ல இல்லாத பாத்திரமா? இதுக்குப் பத்து மாசம் படிக்கணுமா?" என்று என் கொழுந்தன் கேலி செய்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. இரண்டாம் வருடம் கரைசல் கலக்கும் அறை. மூன்றாம் வருடம் செல் வளர்க்கும் தொட்டி. பம்பின் சத்தத்தைக் கேட்டே எந்தக் குழாய் மடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாளாம். நாலாம் வருடம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடு என்றார்கள். அந்த நாலு வருடமும் நான் அதே நாற்காலியில் இருந்தேன். நாற்காலிக்கு மட்டும் ஒருமுறை சக்கரம் மாற்றினார்கள்.

இதற்குப் பொறாமை என்று நான் அப்போது பெயர் வைக்கவில்லை. அக்கறை என்று வைத்திருந்தேன். பாவம், இப்படி ஓடுகிறாளே, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று வீட்டில் எல்லாரிடமும் கவலைப்பட்டேன்.

மாமியாரோ வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார்: "பெரியவ டாக்டர் பட்டம் வாங்கினவ. ஜுரம் வந்தா மட்டும் வேற டாக்டரைப் பாத்துக்கணும். சின்னவ மருந்தே பண்றா."

இந்த நிலவரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. கடல் தாண்டி, தலைமை ஆலையில் ஆறு மாதப் பயிற்சி. ஒரே ஒரு இடம். திரும்பி வந்தால் பயிற்சித் துறைத் தலைமை, தனி அறை. பெயர் முடிவாகும்போது குப்பி அறை உரிமம் கையில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் பெயர் முடிவாகும்.

நான் விண்ணப்பித்தேன்; எனக்கு அந்த உரிமம் முன்பே உண்டு. அங்கே போய் மாதிரி எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. சின்னவளுக்கு இல்லை. வேறு யாரும் கேட்காத அந்த இடத்துக்கு அவளும் விண்ணப்பித்து, மூன்று பரீட்சையையும் வரிசையாக எழுதத் தொடங்கினாள். முதல் முறை சுத்தம். இரண்டாம் முறையும் சுத்தம். இரண்டையும் எண்ணிப் பூஜ்யம் என்று எழுதியது இந்தக் கைதான். உறவுக்காரர் தட்டை எண்ணக் கூடாது என்று எங்கள் ஆலையில் அப்போது விதி கிடையாது. இப்போது உண்டு, என் புண்ணியத்தில்.

மூன்றாம் பரீட்சையைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் உடுப்பு மாட்டுவதைப் பார்க்கக் காசு வாங்கலாம். துணியின் ஓரம் தரையில் படவில்லை. முகமூடியைக் கட்டிய பிறகு கை முகத்துப் பக்கம் போகவில்லை. கால் உறையை மாட்டும்போது மேலாளர்களே கம்பியைப் பிடித்துத் தள்ளாடுவார்கள். அவள் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றாள். ஏதாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று நான் பார்த்த பார்வையில் கண்ணாடியே சூடாகியிருக்கும். கடைசியில் பத்து விரல்களையும் தட்டுகளில் பூப்போல அழுத்திவிட்டு, வெளியே நின்ற என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். கண் மட்டும்தானே தெரிந்தது.

தட்டுகள் என் கூடத்துக்கு வந்தன. மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பெட்டியில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலை எடுத்து, மூடியைத் திறக்காமலே வெளிச்சத்தில் பிடித்து எண்ண வேண்டும். நடுவில் தொட வேண்டிய அவசியமே இல்லை.

நான் இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் கூட்டத்துக்குப் போன நேரத்தில், வலது கைத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் ஏதோ மினுங்கியது. புள்ளியா, நீர்த்துளியா? மூடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து மங்கலாக இருந்தது. பதினைந்து வருடமாக மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் செய்யாதே செய்யாதே என்று நான் சொன்ன காரியத்தை அப்போது நானே செய்தேன். மூடியைத் தூக்கி, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

நீர்த்துளிதான். மூடிவிட்டேன். நாலைந்து நொடி இருக்கும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏமாற்றத்தில், திறந்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் வலது கைத் தட்டில் ஒரு புள்ளி இருந்தது. கடுகளவு, மஞ்சள் நிறம், வட்டமாக, அழகாக.

எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், நல்ல வியாபார நாளில் கடைக்காரர் முகம் இருக்குமே, அப்படி ஒரு குளிர்ச்சி. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அழுத்திய விரல்கள் கூழில் லேசான பள்ளம் விட்டிருக்கும். ஐந்து பள்ளத்திலும் எதுவும் இல்லை. புள்ளி இருந்தது பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, யார் விரலும் படாத வெற்றிடத்தில். அது அவள் கையுறையில் வந்ததில்லை. மேலேயிருந்து விழுந்தது. மூன்றாம் நாள், என் மூச்சிலிருந்தோ என் கையிலிருந்தோ.

இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கூடத்தில் அது ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கியிருந்த ஒருவர், பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரலுக்கு நடுவுல இருக்கேம்மா?"

"இருந்தா என்ன சார், தட்டுலதானே இருக்கு?"

"அது சரி. இருக்கற புள்ளிய இல்லன்னு எழுத முடியாது." எழுதினார். ஒன்று. கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த சாமர்த்தியம்.

இனி அவள் முதல் பரீட்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரமாவது ஆகும். மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. கடல் தாண்டும் இடம் என் மடியில் விழுந்தாகிவிட்டது.

சாயங்காலம் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. சின்னவள் சமையலறைத் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய கையைத் திருப்பிப் பார்ப்பாள், மறுபடி கழுவுவாள்.

"என்னடி, தோலை உரிச்சிடுவ போல இருக்கு" என்றார் மாமியார். "பெரியவளே, நீதானே பாத்த? ஒரு புள்ளிக்கு இவ்ளோ கூத்தா? கண்டும் காணாம விட்டிருக்கக் கூடாதா?"

"அத்தை, அப்படியெல்லாம் அக்கா செய்ய மாட்டாங்க" என்றாள் சின்னவள், என்னைப் பார்க்காமலே. "செய்யவும் கூடாது. என் கைதான் எங்கேயோ பட்டிருக்கு."

எனக்கு அவசரமாக மாடியில் ஒரு வேலை ஞாபகம் வந்தது.

மறுநாள் விசாரணை. எங்கள் தரத்துறைத் தலைவிக்கு ஆலை முழுவதும் ஏன் மேடம் என்று பெயர். எந்தத் தவறு நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில்தான் வேர் இருக்கும் என்பது முறை. மற்றவர்கள் மூன்றிலேயே களைத்துப் போவார்கள். ஏன் மேடம் ஐந்தைத் தாண்டியும் போவார். சின்ன அறை, நீள மேசை. சின்னவள், பூதக்கண்ணாடி, நான்.

"புள்ளி ஏன் வந்தது?"

"கையுறையில கிருமி இருந்திருக்கு மேடம்" என்றாள் சின்னவள்.

"ஏன்?"

"மாட்டறப்போ எங்கேயாவது பட்டிருக்கணும்."

"ஏன்?"

"கதவைத் தள்ளினப்போ முழங்கைக்குப் பதிலா கை பட்டிருக்கலாம். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ஞாபகம் இல்லைங்கறதும் தப்புதானே மேடம். என் கவனக்குறைவுன்னே எழுதிக்கங்க. மறுபடி முதல்லேருந்து எழுதறேன்."

ஏன் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடச் சேவையில் அவர் பேனாவைக் கீழே வைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இந்த மேசைக்கு வர்ற எல்லாரும் காத்து மேல சொல்வாங்க, மெஷின் மேல சொல்வாங்க" என்றார். "தன் மேல சொன்ன முதல் ஆள் நீதாம்மா. இந்தத் தடவை போக முடியலன்னா என்ன? அடுத்த இடம் வரும், நானே உன் பேரை எழுதித் தர்றேன். பயிற்சி குடுக்கறவங்களுக்கு இந்தக் குணம்தான் வேணும்."

பூதக்கண்ணாடி தலையை ஆட்டினார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

நான் உட்கார்ந்திருந்தேன். இடம் எனக்கு. புகழ் அவளுக்கு. நான் போய் ஆறு மாதம் குளிரில் நடுங்கிவிட்டு வருவேன், இவர்கள் இங்கே உட்கார்ந்து சின்னவளின் நேர்மையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுவும் எதை வைத்து? என் தப்பை வைத்து! மூடியைத் திறந்தவள் நான், மூச்சு விட்டவள் நான், நேர்மைப் பட்டம் அவளுக்கா? என் முதலில் அவள் லாபம் பார்ப்பதா?

மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. எரிந்தது.

"கதவு இல்ல மேடம்" என்றேன். "மூடி."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"மூணாம் நாள் அந்தத் தட்டோட மூடியை நான் திறந்தேன். புள்ளி விரல் பட்ட இடத்துல இல்ல. அது என்கிட்டேருந்து விழுந்தது."

ஏன் மேடம் மெதுவாகப் பேனாவை எடுத்தார்.

"ஏன் திறந்தீங்க?"

"ஏதாவது வந்திருக்கான்னு பாக்க."

"ஏன்? அஞ்சாம் நாள் தெரிஞ்சிருக்குமே?"

"வரணும்னு நினைச்சேன். பொறுக்க முடியல."

அவர் படிவத்தைப் பார்த்தார். காரணத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு: இயந்திரம், முறை, பொருள், சூழல், மனிதர். பொறாமைக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'மனிதர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார், கொஞ்சம் அழுத்தியே அடித்தார்.

பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நீயும் கேட்டுக்கோ. செய்யாத தப்பை ஒத்துக்கறதும் பொய்ப் பதிவுதான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

அவளுக்கும் திட்டு விழுந்ததில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. மறைப்பானேன்.

தீர்ப்பு அங்கேயே வந்தது. அந்தத் தட்டு செல்லாது. மூன்றாம் பரீட்சையை மட்டும் சின்னவள் திரும்ப எழுதலாம், ஐந்து நாளில் முடிவு தெரிந்துவிடும், மாதக் கடைசிக்கு முன்பே. நான் மூன்று மாதம் எந்தத் தட்டையும் எண்ணக் கூடாது. என் விண்ணப்பம் தள்ளுபடி.

பேருந்தில் எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள் அன்று இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நேத்து ராத்திரி என் கையையே சந்தேகப்பட்டேன் அக்கா. தட்டு மேல சந்தேகம் வரல. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"திட்டணும்னா நேரா திட்டிடு."

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும். திட்ட மாட்டேன்."

கெட்டிக்காரி. பேரத்தில் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "நான் தோத்தேன்னு அவங்க எழுதப் போனாங்க. நீங்க பேசாம இருந்திருந்தா இடம் உங்களுக்கு. ஏன் சொன்னீங்க?"

"உன்னைப் புகழ்ந்தாங்க. தாங்க முடியல."

அவள் நின்றுவிட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தை, விலை ஒட்டாத சரக்கைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். ஐந்து நாளும் படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன ஆச்சு?" என்று மாமியார் ஆளுக்கொரு முறை கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம்.

ஐந்தாம் நாள் காலை பூதக்கண்ணாடி எண்ணும்போது, எண்ணத் தடை விதிக்கப்பட்ட நான் வாசலுக்கு வெளியே நின்றேன். எது வர வேண்டும் என்று நினைத்தேன்? பூஜ்யம் வர வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் வேறு எது வந்தாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். அதையும் மீறி, ஒரு நொடி, ஒரே ஒரு சின்னப் புள்ளி என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அடக்கவில்லை. அது தானாகப் பேசிவிட்டுப் போனது.

பூஜ்யம். இரண்டு தட்டிலும் பூஜ்யம்.

இடம் சின்னவளுக்கு. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஏன் மேடம் அவளைக் கூப்பிட்டு, நீ இல்லாத ஆறு மாதம் புதியவர்களுக்கு யார் வகுப்பெடுப்பது என்று கேட்டாராம். அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டு நான் கீழே போனேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனசு காட்டறியா?"

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல" என்றாள், தலை தூக்காமல். "மூணு மாசம் சும்மா உக்காந்திருக்கப் போறீங்க. சும்மா இருந்தா என்னைப் பத்தியே நினைப்பீங்க. முப்பது பேர் கேள்வி கேட்டா நேரம் இருக்காது. அதோட, எங்களுக்கு ஒரு வேலையை எப்படிச் செய்யறதுன்னுதான் தெரியும். ஏன் செய்யறோம்னு உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும். அதுக்குத்தானே அவ்ளோ வருஷம் படிச்சீங்க?"

இத்தனை வருடத்தில் என் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் என் முதல் வகுப்பு. முப்பது பேர், சோப்பு வாசனையோடு புதுச் சீருடை, மடியில் நோட்டு. கிருமி எப்படிப் பிரிகிறது, ஒன்று எப்படி ஐந்து நாளில் கோடியாகிறது என்று இரண்டு மணி நேரம் பேசினேன். ஒருவரும் தூங்கவில்லை. நாற்காலியில் உட்காராமல் வேலை செய்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே வியப்பாக இருந்தது. முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"ரொம்ப நல்லாப் புரிஞ்சுது மேடம்."

"அப்படியா?" என்றேன். காதுக்கு இனிமையாக இருந்தது.

"ஆமா மேடம். சின்ன மேடம் சொன்னாங்க, அவங்களைவிட நீங்க நல்லா நடத்துவீங்கன்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன். ஒரு மூலை மிச்சமில்லாமல், நன்றாக அழுத்தித் துடைத்தேன்.